வலப்பக்கம் வைத்த கண்ணாடி

அந்த நாற்காலியில உக்காராதீங்க அம்மிணி, அதுக்குக் கால் சரியில்லை. போன மாசம் மாட்டு டாக்டர் ஒருத்தர் மனசு சரியில்லைன்னு வந்து அதுல உக்காந்தார். போகும்போது இடுப்பும் சரியில்லாம போனார். இப்படி என் பக்கத்துல வாங்க. பட்டுச் சேலை கசங்கும்னு பாக்காதீங்க, கசங்கட்டும். காலையில இருந்து இதைக் கட்டிக்கிட்டு மூச்சு விடவே பயமா இருக்கு.

முதல் தடவையா வர்றீங்க? டோக்கனைப் புடிச்சிருக்கறதைப் பாத்தாலே தெரியுது, ரேஷன் கடையில மண்ணெண்ணெய் தீந்துடப் போற மாதிரி புடிச்சிருக்கீங்க. இங்கே அவசரமே இல்லீங்க. உள்ளே இப்ப ஒரு ரிட்டையர்டு தாசில்தார் போயிருக்கார். அவர் அழ ஆரம்பிக்கவே ரொம்ப நேரம் ஆகும். அப்புறம் அழுது முடிக்கணும். அதுக்கடுத்து நான். எனக்கடுத்து நீங்க.

எந்த ஊருங்க? சத்தியமங்கலமா. நல்ல ஊரு. என்ன கஷ்டம்னு நான் கேக்க மாட்டேன், இங்கே ஒருத்தரை ஒருத்தர் கேக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். மாமியாருங்களா? இல்லியா. சரி, நான் கேக்கலை.

என் பேரு துளசிமணி. மார்க்கெட்டுக்குப் பின்னால மாவு மில் வெச்சிருக்கேன். கத்திப் பேசறாளேன்னு நெனைக்காதீங்க, மில்லுக்காரங்க எல்லாருக்கும் இதுதான் குரல். இன்னிக்கு டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க வந்திருக்கேன். எனக்கு வயசு அம்பத்தஞ்சு. வீட்டுக்காரர் போயிப் பத்துப் பன்னெண்டு வருசமாச்சு. இப்ப ஒருத்தர் என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்றார். கட்டிக்கலாமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேள்வி. சிரிப்பு வந்தா சிரிங்க, பரவால்ல. நானே காலையில இருந்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பால்காரர் 'என்னக்கா விசேசம்'னு கேட்டதுக்குப் பதில் சொல்லாம சிரிச்சதுல பால் பாதி கீழே போச்சு.

ஆனா டாக்டர் உத்தரவு இல்லாம நான் எதையும் செய்ய மாட்டேன். அது கோபி டவுன் முழுக்கத் தெரியும்.

டாக்டரைப் பத்தி உங்களுக்கு என்ன சொன்னாங்க? ஒண்ணும் சொல்லலையா. பேரு இளங்குமரன். நம்பியூர்ப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கோயமுத்தூர்ல டாக்டருக்குப் படிச்சு, லண்டன் போயி மறுபடியும் படிச்சு, அங்கேயே இருபது வருசத்துக்கு வெள்ளைக்காரங்க மனசுக்கு வைத்தியம் பாத்தவர். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது. பேச்சுத்தான் வைத்தியம். அதுலயும் அவர் பேசறது கம்மி. அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்கு வந்தார். அந்தம்மா தவறினப்புறம் போறேன், போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தார், போகலை. ஏன் போகலைன்னு யாரும் கேக்கலை, அவரும் சொல்லலை. இந்த உரக்கடை மாடியைப் புடிச்சு, 'இருத்தலியல் உளச்சிகிச்சையாளர்'னு பலகை மாட்டினார்.

அந்தப் பலகையைப் பாத்துட்டு முதல் முதல்ல வந்தவர் மூல வியாதிக்காரர். உக்கார முடியாதவங்களுக்கு வைத்தியம்னு நெனைச்சுட்டார். டாக்டர் அவரையும் திருப்பி அனுப்பலை. பேசிப் பாத்ததுல அவரால வீட்டுல உக்கார முடியாததுக்கு வேற காரணமும் இருந்துச்சாம். அவர் இருந்தது மகன் வீட்டுல.

அவருக்கப்புறம் ஒரு வருசம் யாரும் வரலை. டாக்டர் இதோ இந்த ஜன்னல்கிட்ட நின்னு, கீழே யூரியா மூட்டை ஏத்தறதைப் பாத்துக்கிட்டு இருப்பார். ரோட்டுல போறப்ப நானே பாத்திருக்கேன். இவ்வளவு படிச்ச மனுசன் மூட்டையை எண்ணிக்கிட்டு நிக்கிறாரேன்னு இருக்கும்.

அப்பத்தான் எனக்குத் தூக்கம் போச்சு. வீட்டுக்காரர் போனதுல இருந்து கொழுந்தனார் தெனமும் மில்லுக்கு வந்து உக்காந்துக்குவார். 'வித்துடுங்க அண்ணி, பொம்பளை நடத்தற தொழிலா இது.' இதையே காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. சரி, டாக்டரைப் பாப்போம்னு படி ஏறி வந்தேன். எல்லாத்தையும் கொட்டினேன். அவர் கன்னத்துல கை வெச்சுக்கிட்டுக் கேட்டார். கேக்கறதுன்னா அப்படிக் கேக்கறார் அம்மிணி, நம்ம வீட்டுல யாரும் அப்படிக் கேட்டதில்லை. கடைசியில, 'மில்லை நான் விக்கட்டுங்களா, வெச்சுக்கட்டுங்களா?'ன்னேன்.

'நீங்க என்ன நினைக்கிறீங்க?'

'நான் நெனைச்சு முடிச்சிருந்தா உங்ககிட்ட எதுக்குங்க வர்றேன்?'

'முடிவு உங்களோடதுங்க, துளசிமணியம்மா. அதை நான் எடுக்க முடியாது.'

'அப்ப நான் பீஸ் கொடுத்தது எதுக்குங்க?'

டாக்டர் கண்ணாடியைக் கழட்டினார். மூக்கைத் தேச்சுக்கிட்டார். கண்ணாடியை மேசையில வெச்சார். வலப்பக்கம்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. உங்க ஊர்லயும் கோயில்ல பூ கேப்பீங்கதானே? பொண்ணு எடுக்கறதுன்னாலும் கெணறு வெட்டறதுன்னாலும் சாமி மேல பூவை வெச்சுட்டுக் காத்துக்கிட்டு நிக்கிறோம். வலப்பக்கம் விழுந்தா சரி, இடப்பக்கம் விழுந்தா வேண்டாம். சாமி வாயைத் தெறந்து பேசுதா? பேசறது இல்லை. லண்டன்ல படிச்சவர், நேராச் சொன்னா வக்கீல் மாதிரி ஆயிடும்னு இப்படிச் சொல்றார்னு அந்த நிமிசமே எனக்குப் புரிஞ்சு போச்சு. கும்பிட்டுட்டு எந்திரிச்சுட்டேன். மறுநாள் கொழுந்தனார் வந்து வாயைத் தெறந்ததும் மெஷினை ஓட்டி விட்டுட்டேன். அவர் வாய் அசைஞ்சுது, சத்தம் கேக்கலை. மில்லு இன்னிக்கும் ஓடுது.

இதை நான் சும்மா மனசுல வெச்சுக்கிட்டேனான்னா, இல்லை. மில்லுக்கு வர்றவங்க மாவு அரைஞ்சு வர்ற வரைக்கும் நின்னுக்கிட்டுத்தானே இருப்பாங்க. அவங்ககிட்டச் சொன்னேன். அடுத்த மாசமே கூட்டம் இந்தப் படிக்கட்டுல இருந்து உரக்கடை தாண்டி சத்தி ரோடு வரைக்கும் நின்னுச்சு. அந்தியூர்ல இருந்து வேன் வெச்சுக்கிட்டு வந்தாங்க. போர்வெல் போடலாமா, தோட்டத்தை வாங்கலாமா, பையனைத் துபாய்க்கு அனுப்பலாமா. எல்லாரும் கதையைச் சொல்லுவாங்க, அவர் 'முடிவு உங்களோடது'ம்பார், கண்ணாடியைக் கழட்டுவார், இவங்க எட்டிப் பாத்துட்டு 'ரொம்ப நன்றிங்க'ன்னு எந்திரிச்சு வந்துருவாங்க.

டாக்டருக்குச் சந்தோசம் தாங்கலை. அரிமா சங்கக் கூட்டத்துல பேசினார், நானும் போயிருந்தேன். 'முடிவு என்னோடதுதான்ங்கற எடத்துக்கு ஒருத்தரைக் கொண்டுவர லண்டன்ல எனக்கு ரெண்டு வருசம் ஆகும். கோபி மக்கள் முதல் நாளே எந்திரிச்சு, நன்றி சொல்லிட்டு, போயிச் செஞ்சுடறாங்க. இந்த மண்ணுல ஏதோ இருக்கு'ன்னார். நாங்க எல்லாரும் கை தட்டினோம்.

அன்னிக்கு இன்னொண்ணும் சொன்னார். மனுசனுக்கு மொத்தமே நாலு பிரச்சினைதானாம். சாவு ஒண்ணு. தனிமை ஒண்ணு. எதை வேணாலும் செய்யலாம்ங்கற சுதந்திரம் ஒண்ணு. எதுக்காக வாழறோம்னு தெரியாதது ஒண்ணு. நான் எந்திரிச்சு, 'கரண்டு பில் அதுல வராதுங்களா?'ன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, 'மூணாவதுல வரலாம்'னார். படிச்சவங்க படிச்சவங்கதான்.

நடுவுல ஒரு சிக்கல் வந்துச்சு. வலப்பக்கம்னா யாரோட வலப்பக்கம்? அவருக்கு வலம்னா எதிர்ல உக்காந்த நமக்கு இடம். கோயில்ல சாமியோட வலம்தான் கணக்கு, அதனால டாக்டரோட வலம்னு நான் சொன்னேன். அந்தியூர்க்காரங்க, உக்காந்தவங்க வலம்தான்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. ஒரே உத்தரவுக்கு இந்த வீட்டுல நிச்சயதார்த்தம், அந்த வீட்டுல நின்னுபோன கல்யாணம். கடைசியில பாத்தா ரெண்டு கட்சிக்கும் நல்லபடியாத்தான் நடந்துச்சு. அதுதாங்க அவரோட மகிமை.

உத்தரவைப் பாக்கத் தெரியணும் அம்மிணி, கண்ணை மூடிக்கிட்டு நம்பிடக் கூடாது. நான் ரெண்டாவது மெஷின் வாங்கலாமான்னு கேட்டப்ப அவர் இடப்பக்கம்தான் வெச்சார். பாத்தா வலப்பக்கம் டீ டம்ளர் இருக்கு. எடம் இல்லாம அங்கே வெச்சிருக்கார். அது கணக்குலயே வராது. மெஷினை வாங்கிட்டேன்.

எம் பொண்ணு கோகிலா விஷயம்தான் பெருசு. கோயமுத்தூர்ல கூட வேலை பாக்கற பையனைக் கட்டிக்கிறேன்னு வந்து நின்னா. பையன் நம்ம ஆளுங்க இல்லை. நம்ம பக்கத்துல அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்காளிங்க வாசல்ல வந்து நின்னாங்க. கட்டி வெச்சா கையை நனைக்க மாட்டோம்னாங்க. இங்கே வந்து சொன்னேன். டாக்டர் கண்ணாடியை எடுத்தார், இடப்பக்கம் வெச்சார். டம்ளர் கிம்ளர் ஒண்ணும் இல்லை, மேசை காலியாத்தான் இருக்கு. அப்புறம் யோசிச்சேன். எனக்கு முன்னால உள்ளே இருந்தது ஒரு பவானிக்காரர். அவர் கேள்விக்கான உத்தரவு மிச்சம் இருந்து இப்ப வந்திருக்கும். கோயில்லயும் அப்படி நடக்கறது உண்டு.

அதனால எந்திரிக்கலை. தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சேன். முதல்ல இருந்து மறுபடியும் சொன்னேன். மறுபடியும் இடப்பக்கம். விடுவேனா. மூணாவது தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்துருச்சு. 'அந்தப் பையனைப் பாக்கறப்ப எம் பொண்ணு மொகத்துல ஒரு வெளிச்சம் வருதுங்க, அவ பொறந்ததுல இருந்து அதை நான் பாத்ததில்லை, பங்காளிங்களா வந்து அவளுக்குச் சோறு போடப் போறாங்க'ன்னு கத்திட்டேன். டாக்டர் கண்ணைத் தொடைக்க எனக்குக் காகிதம் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கறப்பக் கை பட்டுக் கண்ணாடி நகந்துச்சு. எந்தப் பக்கம்? வலப்பக்கம். நான் என்ன பண்ணட்டும், உத்தரவு கெடைச்சுருச்சு.

பங்காளிங்ககிட்டயும் அதையேதான் சொன்னேன். 'நானா செஞ்சேன், லண்டன் டாக்டர் சொல்லிட்டார்.' அவங்க எந்த விசேசத்துக்கும் என்னைக் கூப்பிடறது இல்லை. மாவு மட்டும் எங்கிட்டத்தான் அரைக்கிறாங்க. கௌரவம் வேற, மொளகாத்தூள் வேற.

இப்படி நல்லாப் போயிக்கிட்டு இருந்ததை ஒரு ரைஸ் மில்காரர் கெடுத்தார். பொண்ணுக்கு வரன் கேக்க வந்தவர், மேசையில இடப்பக்கம் முழுக்க அடைச்சு ஒரு பெரிய பழத்தட்டை வெச்சுட்டார். கண்ணாடி வைக்க அந்தப் பக்கம் எடமே இருக்கக் கூடாதுன்னு. டாக்டர் தட்டை நகர்த்தினார். இவர் திரும்ப நகர்த்தினார். அவர் இந்தப் பக்கம், இவர் அந்தப் பக்கம். பேச்சே இல்லாம ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் தட்டை நகர்த்திக்கிட்டே இருந்திருக்காங்க. கடைசியில ரைஸ் மில்காரர் டாக்டர் கையைப் புடிச்சுக்கிட்டு, 'ஐயா, எப்படியாவது வலப்பக்கம் வெச்சுடுங்க, மாப்பிள்ளை வீட்டுல மண்டபமே பேசிட்டாங்க'ன்னு அழுதுட்டார்.

டாக்டருக்கு அப்பத்தான் விஷயமே தெரிஞ்சுது. இந்த மாடி கொஞ்ச நாள் பூட்டியே கெடந்துச்சு. தெறந்தப்பப் பாத்தா, கண்ணாடிக்குக் கருப்புக் கயிறு கட்டிக் கழுத்துல மாட்டியிருக்கார். கழட்டினா நேரா நெஞ்சுல தொங்குது. வலமும் இல்லை, இடமும் இல்லை. கயிறு எந்தப் பக்கம் முறுக்குதுன்னு பாக்க ஒரு கூட்டம் கொஞ்ச நாள் வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. இப்ப வர்றவங்க எல்லாம் பேசறதுக்காகவே வர்றவங்க. தாசில்தார் மாதிரி. எனக்கு அதுலதான் மனத்தாங்கல். தெய்வ வாக்கு மாதிரி இருந்ததை ஒரு கயித்துல கட்டிப் போட்டுட்டார்.

என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

'துளசிமணியம்மா, இதை ஆரம்பிச்சது நீங்களா?'

'ஆமாங்க. நீங்க மூட்டை எண்ணிக்கிட்டு நின்னீங்க. பாக்கச் சகிக்கலை.'

'நான் எதுவுமே சொல்லலைங்க. கண்ணாடியைக் கழட்டுவேன், கீழே வெப்பேன். அவ்வளவுதான். மில்லு நீங்க எடுத்த முடிவு. பொண்ணு கல்யாணம் நீங்க எடுத்த முடிவு. அந்த ரெண்டாவது மெஷின்கூட நீங்களே எடுத்ததுதான்.'

'பெரியவங்க அப்படித்தாங்க சொல்லுவாங்க. எந்தச் சாமியாவது நான்தான் செஞ்சேன்னு சொல்லியிருக்கா?'

டாக்டர் தலையைக் கொண்டுபோயி மேசை மேல வெச்சுக்கிட்டார். தோள் குலுங்குச்சு. அழறாரா சிரிக்கிறாரான்னு தெரியலை. நிமிந்து, கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, 'லண்டன்லயும் சரி, இங்கேயும் சரி, உங்களை மாதிரி ஒரு சுதந்திரமான மனுஷியை நான் பாத்ததே இல்லைங்க'ன்னார். என் மாமியாரும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. வேற வார்த்தையில.

என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்ன ஆள் யாருன்னு கேக்க மாட்டீங்களா? கேளுங்க, நான் சொல்லத்தானே உக்காந்திருக்கேன். பேரு அர்த்தநாரி. கரண்டு ஆபீஸ்ல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். சம்சாரம் இறந்து ரொம்ப வருசம். வாரா வாரம் அரைக் கிலோ ராகி கொண்டுக்கிட்டு வருவார். அரைக் கிலோ அம்மிணி. மெஷினுக்குள்ள ஒட்டிக்கிறதே அரைக் கிலோ. அவர் ராகி உள்ளே நின்னுக்கும், முன்னால அரைச்சவங்க கம்போ கோதுமையோ வெளியே வரும். வருசக்கணக்கா அந்த மனுசன் தின்னது ஊரார் வீட்டு மாவு. ஒரு நாள் மனசு கேக்காம, 'உங்களுக்கு வர்றது உங்க மாவே இல்லைங்க'ன்னு சொல்லிட்டேன். 'தெரியுங்க. மொத வாரமே தெரிஞ்சுது'ன்னார். 'அப்புறம் எதுக்குங்க வர்றீங்க?'ன்னேன். பைக்குள்ள பாத்துக்கிட்டு நின்னார். கம்பத்து மேல ஏறி நிக்கிறவருக்குக் கீழே நின்னு பேச வராது போல. போறப்ப, 'ரெண்டு பேருக்குச் சேத்து அரைச்சா மெஷினுக்குக் கட்டுபடியாகுங்களா?'ன்னார்.

மில்லு ஓடற வரைக்கும் தனிமைன்னா என்னன்னு தெரியாது எனக்கு. பெல்ட்டைக் கழட்டி மெஷினை நிறுத்தினதும் தெரியும். டாக்டர் சொன்ன நாலுல அது ஒண்ணுதான் எனக்குச் சட்டுனு புரிஞ்சுது.

மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். ஃபோன்ல சொன்னேன். 'இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இது, ஊர் சிரிக்கும்'னான். 'சிரிக்கட்டும் கண்ணு, நானே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்'ன்னேன். வெச்சுட்டான். வெச்சதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரலை, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் மெஷினை நிறுத்தாம ஓட்டினேன். வரமாட்டான்னுதான் நெனைக்கிறேன். கோகிலா வந்துட்டா. மலைக்கோயில்ல இருக்கா, அவ வீட்டுக்காரரும் இருக்கார். குருக்கள்கிட்டப் பத்தரைக்குள்ளன்னு சொல்லியிருக்கு. சும்மா சொல்லி வெச்சதுதான். உத்தரவு வந்தப்புறம் குருக்களைத் தேடிக்கிட்டு அலைய முடியாதில்லீங்களா. சாப்பாட்டுக்கும் சும்மா சொல்லி வெச்சிருக்கு.

கயிறு கட்டினவர்கிட்ட எப்படி உத்தரவு வாங்குவேன்னு பாக்கறீங்க. இதோ பாருங்க, ரெண்டு மிட்டாய். ஒண்ணு பச்சைத் தாள், ஒண்ணு சிவப்பு. 'ஒண்ணு எடுத்துக்குங்க டாக்டர்'ம்பேன். பச்சையை எடுத்தா கட்டிக்கலாம். சிவப்பை எடுத்தா, அவருக்குச் சக்கரை இருக்கு, மிட்டாயே எடுத்திருக்கக் கூடாது, அது கணக்குல வராது.

கேட்டுச்சுங்களா? தாசில்தார் இப்பத்தான் அழ ஆரம்பிச்சிருக்கார். பாவம், நல்லா அழட்டும்.

இந்த ஹாரன் எனக்குத் தெரியும். கொஞ்சம் நகருங்க. அதோ பாருங்க, உரக்கடை முன்னால, வண்டியோட நிக்கிறார். நிழல்ல நில்லுங்கன்னு சொன்னா கேக்க மாட்டார். புதுச் சட்டை, கடையில மடிச்ச மடிப்பு அப்படியே தெரியுது. பிரிச்சு ஒரு தடவை தேச்சிருக்கலாம். மாலைப் பையைப் புடிச்சிருக்கற லட்சணத்தைப் பாருங்க, உடம்புல படாம, கரண்டுக் கம்பியைப் புடிச்ச மாதிரி. மேல பாக்கறார். என்னங்கறார்? 'ஆச்சுங்களா'ங்கறார்.

ஐயோ, நான் ஆச்சுன்னு தலையாட்டிட்டேன். உள்ளேயே போகலை, அதுக்குள்ள ஆட்டிட்டேன் பாருங்க. அவர் வண்டியைத் திருப்பறார். இனிமே அவரைக் கூப்பிட்டு இல்லைன்னு சொன்னா, அந்த மனுசன் அந்த மாலையை வெச்சுக்கிட்டு எங்கே போவார்.

நான் கெளம்பறேன் அம்மிணி. குருக்கள் காத்துக்கிட்டு இருப்பார். என் டோக்கனை நீங்களே வெச்சுக்குங்க, தாசில்தார் வந்ததும் உள்ளே போயிடுங்க. மிட்டாயையும் வெச்சுக்குங்க, எந்தக் கலர் வேணும்னாலும் தின்னுங்க. உங்களையும் 'நீங்க என்ன நினைக்கிறீங்க'ன்னுதான் கேப்பார், கோவிச்சுக்காம சொல்லுங்க. முந்தானை பின்னால சரியா இருக்கா? சரி.

டாக்டர் என்னை எங்கேன்னு கேட்டா இதை மட்டும் சொல்லிடுங்க. துளசிமணி வந்திருந்தாங்க, நீங்க சொன்னபடியே கட்டிக்கப் போயிட்டாங்கன்னு.